முதன்முறை பருத்தி போடுகிறவர்களுக்கு: அரசுப் பணம் கைக்கு வந்து சேரும் வழி

எங்கள் பக்கம் பெரம்பலூர் கரிசலில் ஆவணி, புரட்டாசியில் பருத்தி ஊன்றினால் மார்கழி, தையில் எடுப்பு. டெல்டாவில் சம்பா அறுத்த வயலில் தை, மாசியில் ஊன்றி ஆனி, ஆடியில் எடுப்பார்கள். எந்த ஊர், எந்தப் பட்டம் என்றாலும் புதிதாகப் பருத்திக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பருத்திக்கு கவர்மெண்டு என்ன தருது?"

பலவிதமாகத் தருகிறது. சில பணமாகவே கணக்கில் விழும். சில பொருளாக வரும். சில விலையாக வரும். ஆனால் எதுவும் தானாக வராது. பருத்தி நன்றாக விளைந்தும் அரசுப் பணம் கிடைக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: காகிதம் சரியில்லை, அல்லது பருத்தியில் ஈரம். முதலாவதை விதை வாங்குவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். இரண்டாவதைக் களத்தில் சரிசெய்ய வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் வேலைகள்.

முதலில் பேர்

பட்டாவை எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக். மூன்றிலும் பேர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இன்ஷியல்தான் பெரிய வில்லங்கம். பட்டாவில் அப்பா பேரோடு சேர்த்து முழுதாக இருக்கும். ஆதாரில் இன்ஷியல் பின்னால் போயிருக்கும். பாஸ்புக்கில் இன்ஷியலே இருக்காது.

என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு எழுத்து கூடுதல். அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தார். ஒவ்வொரு தடவையும் "பேர் மேட்ச் ஆகலை" என்ற ஒரே பதில்தான். எந்த எழுத்து என்று யாரும் காட்டவில்லை. கடைசியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார். ஆதாரைத் திருத்திவிட்டு வந்தபோது அந்தப் பருவத்தின் கெடு முடிந்திருந்தது.

பட்டா இன்னும் தாத்தா பேரிலோ, இறந்துபோன அப்பா பேரிலோ இருந்தால் அதுதான் முதல் வேலை. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பங்காளிகளின் சம்மதம் எல்லாம் சேர்த்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். வைகாசி, ஆனி வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு நடக்கும். பட்டாவிலும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலிலும் உள்ள பிழைகளுக்கு மனு கொடுக்க அது நல்ல சமயம்.

பேர் சரியானதும் விவசாயி அடையாள எண் எடுத்துவிடுங்கள். மத்திய அரசின் வேளாண் பதிவேட்டில் நிலத்தையும் ஆதாரையும் சேர்த்துத் தரப்படும் 11 இலக்க எண் அது. பட்டா, ஆதார், ஆதாரோடு இணைந்த செல்பேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரையோ பொதுச் சேவை மையத்தையோ பார்த்தால் போதும். செல்பேசியைக் கையில் எடுத்துப் போங்கள். ஓடிபி வரும். போனை வீட்டில் மகனிடம் விட்டுவிட்டு வந்து, அவனைக் கூப்பிட்டு எண் கேட்டு எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

எந்தக் கணக்கில் விழும்?

இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "வங்கியில் ஆதார் கொடுத்துட்டேன், லிங்க் ஆயிடுச்சு" என்பார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கான கணக்காக அதைப் பதிவது வேறு. இரண்டாவதற்கு என்பிசிஐ என்ற தேசியக் கட்டணக் கழகத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே ஒரே ஒரு வங்கியின் பேர் இருக்கும். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் அந்த வங்கிக்குத்தான் போகும். உங்களுக்கு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் இதற்குச் சம்மதப் படிவம் கொடுத்தீர்களோ அதுதான் கணக்கு.

நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய பழைய கணக்கில் பணம் விழுந்துகொண்டே இருக்க, இங்கே இந்த வங்கியில் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. ஆதார் இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் "பேங்க் சீடிங்" என்ற இடத்தில் எந்த வங்கி என்று காட்டும். பார்த்துவிட்டு, பயன்பாட்டில் இல்லாத கணக்காக இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒருநாள் வேலை.

இந்த இரண்டும் முடிந்தால் பிஎம்-கிசான் பணத்துக்கும் வழி திறக்கும். பருத்திக்கென்று இல்லை, நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். நிலம் 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே உங்கள் பேரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியிருந்தால் கிடைக்காது, வாரிசாக வந்திருந்தால் கிடைக்கும். வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் இல்லை. இகேஒய்சி என்ற ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் தவணை நின்றுவிடும். இது ஒரு எடுப்புக் கூலிக்குத்தான் ஆகும். ஆனாலும் விடவேண்டியதில்லை.

அடங்கலில் "பருத்தி" என்று இருக்கிறதா?

விதை ஊன்றி செடி நாலு இலை விட்டதும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே இந்தப் பசலியில் பருத்தி என்று ஏற வேண்டும். பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-ல் தொடங்கும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 1435-ம் பசலி. போன வருடத்து மக்காச்சோளம் அப்படியே இந்த வருடக் கணக்கிலும் நின்றுகொண்டிருந்தால், காப்பீட்டில் தொடங்கி விற்பனை வரை ஒவ்வொரு இடத்திலும் முட்டும். எத்தனை ஏக்கரில் பருத்தி என்பதும் சரியாக ஏற வேண்டும். இரண்டு ஏக்கர் போட்டுவிட்டு அடங்கலில் ஒரு ஏக்கர் என்றிருந்தால், அரசு விலைக்கு விற்கும்போது பாதிப் பருத்தி வெளியே நிற்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் இங்கேயே ஒரு காகிதம் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைதான் நம் ஊர் வழக்கம். நிலத்துக்காரரும் பெரும்பாலும் கையெழுத்துப் போடத் தயங்குவார். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் பயிர்க் காப்பீட்டில் உங்கள் பேர் ஏறாது. உழைப்பு, உரச்செலவு, நஷ்டம் எல்லாம் உங்களுடையது, இழப்பீடு மட்டும் வேறு ஒருவர் கணக்கில் விழும் என்ற நிலை வரக் கூடாது. பயிர் வைப்பதற்கு முன்பே, உறவு நன்றாக இருக்கும்போதே பேசி எழுதிக்கொள்வது நல்லது. பிஎம்-கிசான் எப்படியும் குத்தகைதாரருக்குக் கிடையாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பருத்திக் காட்டில் குனிந்து நிற்பவர்களில் நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம்.

சொட்டுநீர் மானியம்

கிணறோ போரோ இருந்தால் இதை விடாதீர்கள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இந்தச் சான்றிதழைத் தாசில்தாரிடமிருந்து வாங்க வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், புகைப்படம், மண், தண்ணீர் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ பதிவு செய்ய வேண்டும். எந்த நிறுவனத்தின் கருவி என்று நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். நிறுவனம் வந்து வயலை அளந்து மதிப்பீடு போடும். அது ஒப்புதலாகிப் பணி ஆணை வந்தபிறகுதான் குழாய் பதிக்க வேண்டும். மானியப் பணம் நிறுவனத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. "நீங்க முதல்ல போட்டுக்குங்க, மானியம் பின்னாடி வாங்கித் தர்றேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்கு முன் போட்ட குழாய்க்கு மானியம் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

பதிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பருத்திக்கு வரிசை இடைவெளி அதிகம். அடுத்த போகத்துக்கு வெங்காயமோ மக்காச்சோளமோ போடுவதாக இருந்தால், பக்கக் குழாய் இடைவெளியை இரண்டுக்கும் ஒத்துப்போகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். ஒருமுறை மானியம் வாங்கினால் அதே நிலத்துக்கு மறுபடி வாங்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும்.

காப்பீடு: கெடு தேதியும் 72 மணி நேரமும்

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல்லுக்குக் கட்டுவதைவிடப் பருத்திக்கு அதிகம். காரீப் என்ற மழைப் பருவ உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபி என்ற குளிர்ப் பருவப் பயிருக்கு 1.5 சதவீதம். பருத்தி வணிகப் பயிர் என்பதால் விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 என்று வைத்துக்கொண்டால் 1,500 ரூபாய். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. மானியம் என்பது இங்கே அதுதான். கண்ணுக்குத் தெரியாத மானியம்.

உங்கள் மாவட்டத்துக்கு, உங்கள் பட்டத்துக்குக் கடைசித் தேதி எது என்பதை உழவன் செயலியிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும், அதனால் பத்து நாள் முன்னால் போங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க் கடன் வாங்கியிருந்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத வரை அவர்களே பிரீமியத்தைப் பிடித்துப் பதிவு செய்வார்கள். அதை மறந்து பொதுச் சேவை மையத்தில் மறுபடியும் கட்டிவிடாதீர்கள். ஆனால் கடனில் எந்தப் பயிர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் நெல்லுக்கு, வயலில் பருத்தி என்றால் காப்பீடும் நெல்லுக்குத்தான்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். உங்கள் வயலை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமாகச் சில வயல்களில் அளவெடுத்து எடுப்புச் சோதனை செய்வார்கள். கடந்த ஏழு வருடத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருடச் சராசரியை வைத்து ஒரு வரம்பு விளைச்சல் இருக்கும். உதாரணத்துக்கு வரம்பு ஏக்கருக்கு 500 கிலோ, இந்த வருடம் அந்தப் பகுதியில் கிடைத்தது 350 கிலோ என்றால், குறைவு 30 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம் எல்லோருக்கும் வரும். உங்கள் வயலில் மட்டும் காய்ப்புழு தின்று, ஊர் முழுக்க நன்றாக விளைந்திருந்தால் வராது.

தனி வயலுக்கென்று கிடைப்பது ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, இடியால் பிடித்த தீ மாதிரியான நிகழ்வுகளில்தான். அதற்குத்தான் 72 மணி நேரக் கணக்கு. காய் வெடிக்கிற நேரத்தில் மழை கொட்டி வயலில் தண்ணீர் நின்றால், தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 14447 என்ற எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். செடியில் நனைந்து தொங்கும் பருத்தியை, வயலும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

எடுப்பு: பணம் களத்தில்தான் நிற்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பருத்திக்கு அரசு தரும் பணத்தில் மிகப் பெரியது குறைந்தபட்ச ஆதரவு விலைதான். அதை வாங்குவதா இழப்பதா என்பது நீங்கள் பருத்தி எடுக்கும் விதத்தில் இருக்கிறது.

காலை 10, 11 மணிக்குள் எடுத்து முடிப்பது நல்லது. அந்த நேரத்தில் இலையிலும் காய்ந்த மடலிலும் பனி இருக்கும், அதனால் அவை நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளாது. உச்சி வெயிலில் எடுத்தால் தூசும் சருகுமாக வரும், தரம் இறங்கும். நன்றாக வெடித்த காயில் மட்டும் எடுங்கள். வாரத்துக்கு ஒரு எடுப்பு. புழு விழுந்தது, மஞ்சள் பட்டது, பாதி வெடித்தது எல்லாம் கொட்டுப் பருத்தி. அதைத் தனி மடியில் போடச் சொல்லுங்கள். எடுப்புக்கு வருகிற பெண்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி என்றால், இரண்டையும் பிரிக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். ஒரு சாக்கில் இரண்டு கை கொட்டு கலந்தால் மொத்தச் சாக்கும் கொட்டு விலைக்குப் போகும்.

காலையில் எடுத்த பருத்தியில் பனி இருக்கும் என்பதால் உலர்த்தியே ஆக வேண்டும். நேர் வெயிலில் போடாதீர்கள், பஞ்சின் வலுவும் பளபளப்பும் போய்விடும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் பதம் பார்ப்பார். குவியலின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கொட்டையைப் பிதுக்கிக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். "டக்"கென்று உடைந்தால் சரி. பல் பதிந்து நசுங்கினால் மறுபடியும் பரப்பச் சொல்வார். மேலே உள்ள பருத்தி காய்ந்திருக்கும், ஈரம் கொட்டைக்குள்ளே ஒளிந்திருக்கும் என்பார். அரசின் கொள்முதல் மையத்தில் ஈரம் பார்க்கும் கருவியைக் குத்திப் பார்ப்பதும் அதே அடிக்குவியலில்தான்.

இப்போது கணக்கு. ஆதரவு விலை 8 சதவீத ஈரப்பதத்துக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம் குறைப்பார்கள். 12-ஐத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள்.

2025-26 பருவத்துக்கு நீள இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய், நடுத்தர இழைக்கு 7,710. முந்தைய பருவத்தைவிட 589 ரூபாய் கூடுதல். 20 குவிண்டால் நீள இழைப் பருத்தியை 11 சதவீத ஈரத்தோடு கொண்டு போனால் 3 சதவீதம் போக 7,866.70 வீதம் 1,57,334 ரூபாய் வரும். அதையே 8 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை சுமார் 19.35 குவிண்டாலாக இறங்கும். முழு விலையில் சுமார் 1,56,900 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! பிடித்தம் என்பது தண்ணீரின் எடைக்கான கழிவு, அவ்வளவுதான். அதனால் ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் பிடித்தார்கள் என்று மனம் நோக வேண்டாம். எடை குறையுமே என்று உலர்த்தாமல் விடவும் வேண்டாம். உண்மையான நஷ்டம் 12-ஐத் தாண்டும்போதுதான். வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் கொடுத்துவிட்டுப் பருத்தியோடு திரும்பி வருவீர்கள். வழியிலேயே வியாபாரி கேட்கிற விலைக்குத் தள்ளிவிடுவீர்கள். எடைக்காகத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அரசு விலை வேண்டுமென்றால் அது ஆகவே ஆகாது.

கமிட்டியா, சிசிஐயா?

ஆதரவு விலை என்பது கீழே விழாமல் தாங்குகிற கை. சந்தை அதற்கு மேலே இருந்தால் சந்தையில்தான் விற்க வேண்டும். 2022 கோடையில் பருத்தி குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டியது, அப்போது ஆதரவு விலையை யாரும் நினைக்கவில்லை. 2025 ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 வரை பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. நூற்பாலைகளுக்கு அது தேவைப்பட்டது. பருத்தி விற்கிறவர்களுக்கு விலை கூடாமல் அமுங்கும் காலம் அது. அப்படிப்பட்ட பருவத்தில்தான் இந்தக் கையை எட்டிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் விற்கிற வாரத்தில் இரண்டு விலையையும் பாருங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நாம் கமிட்டி என்போம். அங்கே மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் லாட் லாட்டாகப் பருத்தியைப் பார்த்துச் சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்குப் பருத்தி. விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சந்தைக் கட்டணம் ஒரு சதவீதம், அதைக் கட்ட வேண்டியது வாங்குகிறவர்தான். உங்களிடம் தரகு பிடிக்கக் கூடாது. கொங்கணாபுரம், திருச்செங்கோடு போன்ற இடங்களில் கூட்டுறவு விற்பனைச் சங்கமே இப்படி ஏலம் நடத்துகிறது. பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கொட்டு ரகம் என்று தனித்தனியாக விலை போகும். கொட்டுப் பருத்தியை முன்பே பிரித்து வைத்தவருக்கு அங்கேதான் பலன் தெரியும்.

விலை விழுந்து கிடந்தால் கமிட்டியின் கிட்டங்கியில் பருத்தியை வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். எடுப்புக் கூலி கொடுக்க அன்றைக்கே பணம் தேவை என்பதால்தான் நாம் அவசரப்பட்டு விற்கிறோம். அந்த அவசரத்துக்கு இது மருந்து.

சந்தை ஆதரவு விலைக்குக் கீழே போனால் சிசிஐ எனப்படும் இந்தியப் பருத்திக் கழகம். 1970-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். ஆதரவு விலைக்கு வாங்கிவிட்டு, சந்தையில் குறைந்த விலைக்கு விற்று வரும் நஷ்டத்தை அரசு ஈடு கட்டும். 2014-15 முதல் 2020-21 வரையிலான பருவங்களுக்காக 2021 நவம்பரில் 17,408 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பருத்திக்காரருக்கு அரசு தரும் பெரிய மானியம் இந்த வழியாகத்தான் வருகிறது. 2024-25 பருவத்தில் நாடு முழுக்கச் சுமார் 100 லட்சம் பொதி வாங்கினார்கள். அதில் பெரும்பகுதி தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் பக்கம். நம் மாநிலத்தில் மையங்கள் குறைவு. அதனால் எந்த ஊரில் மையம் திறக்கிறார்கள் என்பதை எடுப்புக்கு முன்பே விசாரியுங்கள். வண்டி வாடகையைக் கழித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குவிண்டாலுக்கு நூறு ரூபாய்தான் வித்தியாசம், மையமோ எண்பது கிலோமீட்டர் என்றால் கமிட்டியே மேல்.

சிசிஐக்கு விற்க 2025 முதல் "கபாஸ் கிசான்" என்ற செல்பேசிச் செயலியில் பதிய வேண்டும். அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குச் செப்டம்பரிலேயே பதிவைத் திறந்தார்கள். கையில் பருத்தி வந்தபிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள். ஆதார், நிலப் பத்திரம், பருத்தி போட்ட பரப்பு, செல்பேசி எண், புகைப்படம் கேட்கும். பதிவு ஒப்புதலானபின் எந்த மையம், எந்த நாள் என்று அதிலேயே இடம் பிடிக்க வேண்டும். அந்த நாளில் போனால்தான் எடுப்பார்கள். ஏக்கருக்கு இத்தனை குவிண்டால்தான் என்று ஒரு உச்சவரம்பும் உண்டு. அடங்கலில் பரப்பு குறைந்திருந்தால் பாதிப் பருத்தி வெளியே நிற்கும் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 8,110 என்பது 29.5 முதல் 30.5 மில்லிமீட்டர் இழை நீளமும், 3.5 முதல் 4.3 வரை மைக்ரோனேரும் உள்ள பருத்திக்கு. மைக்ரோனேர் என்பது இழையின் பருமன், முதிர்ச்சி இரண்டையும் காட்டும் அளவு. நடுத்தர இழைக்கு 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர், மைக்ரோனேர் 4.3 முதல் 5.1. உங்கள் பருத்தி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் விலையும் நடுவில் இருக்கும். விதைப் பாக்கெட்டை வாங்கும்போதே இழை நீளம் என்ன என்று கேட்டுக்கொண்டால், மையத்தில் வேறு விலை சொல்லும்போது திகைக்க வேண்டியதில்லை. ஒரே வயலில் இரண்டு ரகம் போட்டிருந்தால் தனித்தனிச் சாக்கு.

பிளாஸ்டிக் சாக்கை விட்டுவிட்டுப் பருத்தித் துணியில் கட்டிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் சாக்கின் இழை பஞ்சோடு கலந்தால் பிரித்தெடுக்கவே முடியாது.

ரசீது

மையத்திலோ கமிட்டியிலோ எடை போட்டதும் ரசீது தருவார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் நாலு எண்ணைப் படியுங்கள்: எடை, ஈரப்பதம், குவிண்டால் விலை, மொத்தத் தொகை. செல்பேசியிலேயே பெருக்கிப் பாருங்கள். தவறு இருந்தால் பருத்தி அங்கேயே கிடக்கும்போது சொன்னால்தான் திருத்துவார்கள். ஈரம் அதிகமாகக் காட்டியதாகத் தோன்றினால் இன்னொரு இடத்தில் குத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

சிசிஐ பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்கு நேராக வரும். ஒரு வாரம் ஆகியும் குறுஞ்செய்தி வரவில்லை என்றால், மையத்துக்கு ஓடுவதற்கு முன் ஆதாருக்கு எதிரே எந்த வங்கி இருக்கிறது என்பதை மறுபடியும் பாருங்கள். பல தடவை பணம் வேறொரு பாஸ்புக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் ரசீது, பட்டா, பாஸ்புக் மூன்றின் நகலோடு மையத்தின் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதை அடுத்த பருவம் வரை வைத்திருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. எனவே பணம் விழுந்த அன்றே அந்தத் தேதி எது என்று பார்த்து, முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.